சோடியாகப் பூட்டினால் போதுமா?

‘சுவிட்சைச் சோடியாகப் பூட்டிவிட்டால் கவலை விட்டது, ஒன்று படுத்தால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்’ என்ற பேச்சு, வலையமைப்புக்கான விலைமனுவோடு கூடவே வந்துவிடுகிறது. முதலில் அந்தத் ‘தானாக’வைப் பார்ப்போம். சோடியில் எது பொறுப்பில் இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் வி.ஆர்.ஆர்.பி. முறையில் முதன்மைச் சுவிட்ச் விநாடிக்கு ஒரு தடவை தன் இருப்பை அறிவிக்கும். அடுத்தடுத்து மூன்று அறிவிப்புகள் வராவிட்டால், வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 3.6 விநாடியில், துணைச் சுவிட்ச் பொறுப்பெடுக்கும். ஆனால் துணைக்குத் தெரிவது அறிவிப்பு வரவில்லை என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்பது தெரியாது. முதன்மை நன்றாக இருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டுமே தலைமை ஏற்கும். ஒரே முகவரிக்கு இருவர் பதில் சொல்ல, இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஒரேயடியாக நின்றுபோன வலையமைப்பில் பழுதைப் பிடிப்பது இதைவிடச் சுலபம். இதற்காகத்தான் பெரிய ரகச் சுவிட்ச்சுகளில், ஒன்றையொன்று உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்கத் தனிப் பாதை கேட்கிறார்கள். அந்தக் கேபிளையும் மற்றதோடு சேர்த்து ஒரே குழாயில் இழுத்துவிட்டால் பாதை ஒன்றுதான்.

இரண்டு பெட்டி இருப்பதால் இரண்டு உயிர் என்பதும் சரியல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி மின்தடையால் இலங்கை முழுவதுமே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். அப்படியொரு நாளில் ஒரே யூ.பி.எஸ்.இல் தொங்கும் இரண்டு சுவிட்ச்சும் ஒன்றாகவே அணையும். ராக்கின் அடியில் குனிந்து பார்த்தால் போதும்: இரண்டு வயரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தால் சோடி என்பது பெயருக்குத்தான். வெளியே போகும் வழிக்கும் இதே கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வர ஆனையிறவுப் பாதையோடு, 2011இல் பாலம் திறந்த பின் சங்குப்பிட்டிப் பாதையும் உண்டு. இரு நிறுவனங்களிடம் இணைப்பு எடுத்தும் இரண்டு கேபிளும் ஒரே பாதையால் வருமானால், சோடியின் பாதுகாப்பு கட்டடச் சுவரோடு முடிந்துவிடும். எந்தக் கேபிள் எந்தப் பாதையால் வருகிறது என்பது கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்வி.

‘நல்ல சாமான் வாங்கினால் இதெல்லாம் வராது’ என்பவர்களுக்கு ரோக்கியோ பங்குச் சந்தையைக் காட்டலாம். 2020 ஒக்டோபர் 1ஆம் திகதி அங்கே பழுதானது சுவிட்ச் அல்ல, சோடியாக இயங்கிய சேமிப்புக் கருவிகளில் ஒன்று, தத்துவம் ஒன்றே. நினைவகக் கோளாறால் ஒன்று நின்றது, மற்றது எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு எப்படி வேலைசெய்யும் என்று கைநூல் சொன்னதும் கருவி செய்ததும் வேறுவேறு. நாள் முழுவதும் வர்த்தகம் நின்றது; தலைவர் பின்னர் பதவி விலகினார். பணப் பற்றாக்குறை என்று அங்கே யாரும் சொல்லமுடியாது.

ஆகவே பூட்டிய சோடியைச் சோதித்துப் பார்க்கவேண்டும். சோதிக்கப்போய் இருப்பதும் கெட்டுவிடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் கெடுவதானால் போயா விடுமுறையன்று, தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது கெடட்டும். முதன்மையின் மின்வயரை ஒருமுறை, இடை இணைப்பை ஒருமுறை, வெளி இணைப்பை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் செலவேதுமில்லை. அதற்கும் ஆளில்லாத சிறு பாடசாலை சோடியே வாங்கவேண்டாம். அதே அமைப்பு ஏற்றிய ஒரு சுவிட்ச்சை அலுமாரியில் வைத்திருந்து, பழுதானால் மாற்றிப் பூட்டுவது மேல்.