வண்டி போச்சு... வம்பு போகலே!

ஒட்டன்சத்திரம்: காய்கறி மார்க்கெட்டுக்கும் பழனி ரோட்டுக்கும் ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிளை நேரில் விற்றால் நாலு காசு கூட வரும். டீலரிடம் தள்ளினால் அவர் லாபம் போக மீதிதான். ஆனால் அலைச்சல் இல்லை. இதில் பலரும் கோட்டை விடுவது விலையில் அல்ல, ஆர்.சி. புத்தகத்தில்தான்!

பேர் மாறாவிட்டால்?

வடக்கே ஒருவர் 2007-ல் காரை விற்றார். ஆர்.சி.யில் பேர் மாறவில்லை. பல கை மாறிய அந்தக் கார் 2009-ல் மோதி ஒரு சிறுவன் பலியானான். "ஏட்டில் பேர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு" என்று 2018 பிப்ரவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மாநிலத்துக்குள் நேரில் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு.

டீலர் என்றால்?

2023 ஏப்ரல் 1 முதல் புது விதி. ஆர்.டி.ஓ. சான்று பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, 29 சி படிவத்தில் பதிந்துவிட்டால், வண்டிக்கு அவரே பொறுப்பு. சான்று இல்லாத புரோக்கரிடம் வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆக, யாரிடம் விற்றாலும் சரி, ரூபாயை எண்ணியதோடு வேலை முடியவில்லை. பேர் மாறியதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி விற்றதாகக் கணக்கு!