முதல் நாழிகை எந்த மொழிக்கு?

சென்ற வாரம் பாடம் முடிந்து வகுப்பறையை விட்டு நீங்குந் தறுவாயில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னை அணுகி ஒரு சந்தேகங் கேட்டான். “ஐயா, மூன்று ஆண்டுகளாகச் சிங்களம் படித்து இப்பொழுதுதான் தடையின்றிப் பேச வருகிறது. இனிச் சீன மொழியும் கற்கலாமென்று எண்ணுகிறேன். ஆனால், புதியது உள்ளே வந்தால் பழையது வெளியே போய்விடும் என்று அப்பா தடுக்கிறார். அது மெய்தானா?” என்றான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று நாவைத் தடுத்தது. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஓர் அறையில் வாழ்ந்த சிங்கள நண்பரிடம் அவர்தம் மொழியை ஓரளவு நன்றாகவே கற்றிருந்தேன். பட்டம் பெற்று ஊர் திரும்பியபின் அதனைத் தொடவேயில்லை. பதினைந்து ஆண்டுகளின் பின் அவர் மனைவி மக்களோடு யாழ்ப்பாணம் வந்து எம் இல்லத்தில் தங்கினார். படலையடியில் நின்று வரவேற்க வாய் திறந்தேன், சிங்களச் சொல் ஒன்றேனும் வரவில்லை, ஆங்கிலமே வந்தது. அவர் சிரித்தார், எனக்கோ நாணம் மேலிட்டது.

அப்படியாயின் மாணவனின் தந்தையார் கூறியது மெய்யோ? ஆங்கிலமோ என் சிங்களத்தை வெளியேற்றியது? இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான இடம் பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுக்கூட்டமாகும். உலகிலே மிகப் பலர் பேசும் மொழியொன்றும், மிகச் சிலரே பேசும் மொழியொன்றும் அங்கே ஒரே குடும்பத்தின் முன்னோர் வழியில் வந்து சந்திக்கின்றன. ஆதலின் இவ்வாரம் வாசகர்களை அங்கே அழைத்துச் செல்கின்றேன்.

சந்தன மலை

ஹவாயின் தலைநகராகிய ஹொனலூலுவுக்குச் சீன மொழியில் ‘சந்தன மலை’ என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவுகளின் சந்தனக் கட்டை கான்டன் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாய்ச் சென்றது. காடுகளிற் சந்தனம் அருகியது. பெயர் மட்டும் நிலைத்தது. பின்னர், 1852 ஜனவரியில், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தஞ் செய்துகொண்ட சீனர் 195 பேர் ‘தீத்திஸ்’ என்னுங் கப்பலில் வந்து இறங்கினர். தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். நவீன சீனத்தின் தந்தை எனப் போற்றப்படும் சன் யாட்-சென் சிறுவனாக 1879இல் ஹவாய்க்கு வந்து கல்வி கற்றவர். 1894இல் ஹொனலூலுவிலேயே சீன மறுமலர்ச்சிச் சங்கத்தை நிறுவியவர்.

வந்த சீன ஆடவர் பலர் ஹவாய்ப் பெண்களை மணந்தனர். தென்சீனத்தார் ஒருவரை அழைக்கும்போது பெயருக்கு முன் ‘ஆ’ என்று சேர்த்தழைப்பர். அவ்வாறு அழைத்த பெயரே எழுத்தர் கையில் ஒரே சொல்லாகி, ‘அக்கானா’ முதலிய குடும்பப் பெயர்களாக இன்றும் அத்தீவுகளில் வழங்குகின்றது. பெயரைக் கேட்டால் ஹவாய்ப் பெயரென்றே தோன்றும். உள்ளே ஒரு சீனப் பாட்டனார் ஒளிந்திருக்கின்றார்.

அத்தகைய குடும்பத்துப் பெண்மணி ஒருவரை மனக்கண்ணாற் காண்போம். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. தாய் வழியில் ஹவாயர். பிறந்தபோது கேட்ட மொழி ஆங்கிலம். ஹவாய் மொழியை இளமையில் முயன்று கற்று, இன்று அதிற் பேசவும் எழுதவும் வல்லவர். மானோவாப் பள்ளத்தாக்கிலுள்ள பழைய சீன இடுகாட்டிலே பூட்டனாரின் கல்லறை இருக்கின்றது. அதில் எழுதியிருப்பதை ஒருமுறையேனும் தம் கண்ணால் வாசிக்க வேண்டுமென்ற ஆவல் அவருக்கு எழுகின்றது. மாண்டரின் கற்கத் தொடங்குகின்றார். பூட்டனார் பேசியது தென்சீனப் பேச்சேயன்றி மாண்டரின் அன்று; ஆயினும் எழுத்து இருவர்க்கும் பொது. ஒலி மாறினும் பொருள் மாறாத எழுத்தன்றோ அது!

அடைபட்ட வாயில்

இனி அவர் முன்னரே கற்றுவைத்த ஹவாய் மொழியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1820இல் வந்த அமெரிக்கப் பாதிரிமார் அம்மொழிக்கு எழுத்தமைத்தனர். உயிர் ஐந்தும் மெய் ஏழுமாகப் பன்னிரண்டே எழுத்துக்கள். அச்சிறிய நெடுங்கணக்கைக் கொண்டு அம்மக்கள் வியத்தகு விரைவில் எழுத்தறிவு பெற்றனர். 1834இல் முதற் பத்திரிகை வெளிவந்தது. அதுமுதல் 1948 வரை ஏறக்குறைய நூறு பத்திரிகைகள் தோன்றி, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அம்மொழியில் விட்டுச் சென்றன.

1893இல் லிலியுவோகலானி அரசியார் பதவியினின்றும் வீழ்த்தப்பட்டார். 1896இல் வந்த சட்டம் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழி என விதித்தது. ஹவாய் மொழியிற் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பெற்றோர், பிள்ளைகளின் நன்மை கருதி, வீட்டிலும் ஆங்கிலமே பேசத் தலைப்பட்டனர். 1980களின் தொடக்கத்தில், நீஹாவு என்னுஞ் சிறு தீவை நீக்கிப் பார்த்தால், அம்மொழியைச் சரளமாகப் பேசும் சிறுவர் ஐம்பதின்மருங் குறைவு என்று மதிப்பிடப்பட்டது.

அந்நிலையிலும் அதனைக் காப்பாற்றியோர் இருந்தனர். லரி கிமுரா என்னும் ஆசிரியர் 1972இல் வானொலி நிகழ்ச்சியொன்றைத் தொடங்கி, முதியோரை அழைத்து அவர்தம் தாய்மொழியிலேயே உரையாடினார். 1978இல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாயிற்று. 1984இல் ‘குரற் கூடு’ என்று பொருள்படும் பெயருடன் மழலையர் பாடசாலை திறக்கப்பட்டது; 1986இற் பழைய தடை நீங்கியது; அடுத்த ஆண்டு அரசாங்கப் பாடசாலைகளிலும் ஹவாய் மொழி வழிக் கல்வி தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஹவாயர் ஆங்கிலங் கற்றமையால் அவர்தம் மொழி அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு மொழியும் அறிந்தோர் பலர் இருந்தனர். பாடசாலையின் வாயில் அடைபட்டது. பின்னர் வீட்டின் வாயிலும் அடைபட்டது. அதனாலேயே மொழி நலிந்தது.

மூன்று ஒழுங்குகள்

அப்பெண்மணி புகும் புதிய மொழியோ முற்றும் வேறானது. ‘நான் தேநீர் குடிக்கிறேன்’ என்று நாம் வினையை இறுதியிற் சொல்லுகின்றோம். ஹவாய் மொழி வினையை முதலில் வைத்து, ‘குடிக்கிறேன் நான் தேநீரை’ என்னும். மாண்டரினோ, ‘நான் குடி தேநீர்’ என்று வினையை நடுவில் நிறுத்தி, காலமும் இடமுங் காட்டும் விகுதி எதுவுமின்றி விட்டுவிடும்.

ஒலியும் அவ்வாறே. ஹவாய் மொழியில் ‘பௌ’ என்றால் ‘முடிந்தது’ என்பது பொருள். பகரத்தைச் சொல்லித் தொண்டையில் மூச்சை ஒரு கணந் தடுத்து, பின் உகரத்தைச் சொன்னால், அது ‘புகைக்கரி’ ஆகிவிடும். மாண்டரினிலே ‘மா’ என்னும் ஓரசையைச் சமமாக நீட்டினால் தாய்; மேலேற்றினால் சணல்; தாழ்த்தி உயர்த்தினால் குதிரை; வெட்டி இறக்கினால் ஏச்சு. தாயை அழைக்கப் புகுந்து குதிரையை அழைத்தல் எளிது!

வேற்றுமைக்கு நடுவே உறவும் உண்டு. சீனத்தின் அமோய் வட்டாரத்தார் ‘தே’ என்று சொல்லும் இலைதான் ஒல்லாந்தர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, ஹவாய் எழுத்தில் தகரம் இன்மையால் அங்கே ‘கீ’ ஆயிற்று. நாம் காலையில் அருந்தும் தேத்தண்ணீரில் உள்ள ‘தே’யும் அதுவே. அதனினும் இனியது ஒன்று. கேட்பவரையும் உட்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’ என்கின்றோம். ஆங்கிலத்தில் இப்பகுப்பு இல்லை. ஹவாய் மொழியில் முன்னது ‘காக்கோவு’; பின்னது ‘மாக்கோவு’. வடசீன வழக்கிலும், கேட்பவரை உட்படுத்தும் ‘நாம்’ தனிச்சொல்லாக உண்டு. ஆகவே ஒரு மொழியைக் கற்ற மனம் வெறுங்கையோடு அடுத்த மொழிக்குச் செல்வதில்லை. ஒரு பூட்டைத் திறந்த கைக்கு மற்றொரு பூட்டின் இயல்பும் சிறிது புலப்படும்.

மறதியின் இயல்பு

எனினும் தொல்லை இல்லையென்று கூறேன். மூன்றாம் மொழியைத் தொடங்குவோர் பலர்க்கும் ஓர் அநுபவம் உண்டு. மாண்டரினில் ‘இல்லை’ என்று சொல்ல வாய் திறப்பார். முன்னே பயின்ற ஹவாய்ச் சொல் முந்திக்கொண்டு வரும். சில மாதங்கள் சென்றபின் இது தலைகீழாகி, ஹவாய் மொழியிற் பேசுமிடத்தில் சீனச் சொல் எட்டிப் பார்க்கும். பிற்காலத்திற் கற்ற மொழிகளையெல்லாம் மனம் ஒரே பெட்டகத்தில் வைத்துவிட்டதோ என்று தோன்றும். இது மறதி அன்று, நெரிசலே. இரண்டையும் வெவ்வேறு வேளையில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு மனிதரோடு வழங்கி வந்தால் தணிந்துவிடும்.

உண்மையான மறதியைப் பற்றி ஹரி பாரிக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1984இல் ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். பாடசாலையில் ஸ்பானிய மொழி படித்தோர் 700க்கும் மேற்பட்டவரை, படித்து முடித்து ஐம்பது ஆண்டுகள் ஆனவர் வரை, சோதித்தார். பயிலாது விட்ட முதற் சில ஆண்டுகளிலே அறிவு விரைந்து தேய்கின்றது. எஞ்சியதோ, பல பத்தாண்டுகள் பெரிதும் குன்றாது நிலைத்து நிற்கின்றது. நன்றாகக் கற்றவர்க்கு எஞ்சுவதும் அதிகம். என் நண்பர் தங்கியிருந்த மூன்றாம் நாள் மாலை, அவருடைய சிறுமகளுக்குக் கிணற்றடியைக் காட்டிக்கொண்டு நின்றபோது, சிங்களச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரக் கண்டேன். அவை இறந்துபோகவில்லை, அழைப்பாரின்றி உறங்கிக் கிடந்தன. என் மொழியை வெளியேற்றியது ஆங்கிலம் அன்று, என் சோம்பலே.

வயதைப் பற்றியும் ஒரு சொல். இளமையிற் போல் ஒலிகள் நாவிற் படியா என்பது மெய். மாண்டரினிற் பணியாற்றுந் திறன் பெற, ஆங்கிலம் பேசுவோருக்கு ஏறக்குறைய 2,200 வகுப்பு மணித்தியாலங்கள் வேண்டுமென்று அமெரிக்க வெளிநாட்டுச் சேவைக் கல்லூரி கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வைத்தால் ஆறு ஆண்டுகள். ஐம்பதிற் தொடங்குபவர் ஐம்பத்தாறில் ஒரு நிலையை எய்துவார். தொடங்காவிடினும் ஐம்பத்தாறு வயது வரத்தானே போகின்றது!

முதல் நாழிகை

அப்பெண்மணி அந்த நேரத்தை எதனினின்றும் எடுப்பார் என்பதே முக்கியமான வினா. புதிதாகக் கற்பதில் ஓர் இன்பம் உண்டு. நாள்தோறும் முன்னேற்றந் தெரியும். ஏற்கெனவே கற்றதைப் பேணுவதில் அத்தகைய கிளர்ச்சி இல்லை. ஆதலால், ஒருவரும் அறியாமலே, பழைய மொழியின் நேரத்தைப் புதியது உண்டுவிடும். ‘ஹவாய் மொழிதான் தெரியுமே, நாளைக்குப் பார்க்கலாம்’ என்னும் அந்த ஒரு வார்த்தையிலேதான் மறதி பிறக்கின்றது.

இரு மொழிகளுக்கும் இடையே ஒரு பெருவேறுபாடு உண்டு. மாண்டரினை அவர் இடையில் கைவிட்டால் அதற்கு யாதொரு குறையுமில்லை. கோடிக்கணக்கானோர் நாளையும் அதனைப் பேசுவர். ஹவாய் மொழியைக் கைவிட்டால், பேசுவோர் தொகையில் ஒருவர் குறைவார். அவரோடு பேசிப் பழகும் சிறுவர்க்கு ஒரு வாய் குறையும். சீனத்திலிருந்து அவர் பெறுவார். ஹவாய் மொழிக்கோ அவர் கொடுக்கவும் வேண்டும். ஆகவே நாளின் முதல் நாழிகையை ஹவாய் மொழிக்கு வைத்துவிட்டு, எஞ்சியதிலேயே மாண்டரினைத் தொடங்குதல் அறிவுடைமை. நாழிகையென்பது இருபத்து நான்கு நிமிடமே. பழைய பத்திரிகையில் ஒரு பத்தி வாசிக்கலாம். அம்முதியோரின் வானொலி உரையாடலைச் சிறிது கேட்கலாம். பேரப்பிள்ளையோடு காலையுணவு வேளையில் அம்மொழியிலேயே பேசலாம். மூன்றிலும் சிறந்தது இறுதியிற் கூறியதே.

என் மாணவனுக்கும் இதையே சொன்னேன். “தம்பி, உன் தந்தையார் அஞ்சுவது காரணமில்லாத அச்சம் அன்று. ஆனால் குற்றம் புதிய மொழியினது அன்று. சீனத்தைத் தாராளமாகப் படி. சிங்களத்தில் நாள்தோறும் ஒருவரோடாவது பேசு. அந்த நண்பனை மட்டும் இழந்துவிடாதே,” என்றேன்.

கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் அங்கே ஒரு கல்லைக் காணலாம். 1409ஆம் ஆண்டைக் குறித்து, சீனக் கடற்றளபதி செங் ஹோ காலியில் நாட்டுவித்த கல் அது. 1911இல் அந்நகரிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் ஒரே கல்லில் நிற்கின்றன. அவற்றுள் பாரசீகப் பகுதி பெரிதும் சிதைந்துவிட்டது. அதனைச் சிதைத்தது அருகே நின்ற சீனமுமன்று, தமிழுமன்று, நெடுங்காலத் தேய்வேயாகும்.