தர்மத்தில் தரகு

நாவல் எழுதிச் சாப்பிட முடியாத ஊரில், நாவலாசிரியன் வேறு எதையாவது எழுதித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. சில வருஷங்களாக நான் தொண்டு ஸ்தாபனங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். மேலதிகாரி இல்லை, மணி அடித்தால் ஓட வேண்டியதில்லை, பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். பெரிய சுதந்திரம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை கேட்கிறார்கள். அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சென்ற மாதம் ஒரு ஸ்தாபனத்தின் காரியதரிசி வந்தார். மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். "இப்போது கையில் பணமில்லை ஸார். எழுதிக் கொடுங்கள், நிதி வந்தால் உங்களுக்குப் பத்து சதவீதம்" என்றார். பத்து லட்சம் வந்தால் எனக்கு ஒரு லட்சம்! என் நாவல்கள் எல்லாம் சேர்ந்து அவ்வளவு கொடுத்ததில்லை.

அந்த லட்சம் யாருடையது? கொடுப்பவர் குழந்தைகளுக்கென்று கொடுக்கிறார்; விண்ணப்பம் எழுதினவனுக்கென்று அல்ல. வெளிநாட்டு நன்கொடையானால், 2020ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. வாடகை, கணக்கு, ஆபீஸ் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். என் பத்து எங்கே நுழையும்? 'ஆசிரியர் பயிற்சி' என்ற தலைப்பில் நுழையும்! அதோடு நிற்குமா? தொகை பெருத்தால் பங்கும் பெருக்குமென்று தெரிந்த பேனா, முப்பது குழந்தைகளை அறுபதாக்கத் தயங்காது.

"கிடைத்தால் கூலி வாங்குவதுதானே நியாயம்?" என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், பட்டா கிடைத்தால் நிலத்தில் பங்கு என்றா பேசுகிறார்? கேஸ் ஜெயித்தால் இத்தனை என்று வக்கீல் பேசக் கூடாதென்று இந்திய பார் கவுன்சிலின் விதியே இருக்கிறது. அமெரிக்காவில் விண்ணப்பம் எழுதுகிறவர்களின் சங்கமும் சதவீதக் கூலியை விலக்கி வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பரிசு பெற்ற பாணன், பசித்த பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதுதான் நம் ஆற்றுப்படை. வழி சொன்னவன் பங்கு பேசுவதில்லை.

எழுதுகிறவன் உழைப்புக்குக் கூலி கேட்க வேண்டும்; பாதியை முன்பணமாகக் கேட்க வேண்டும். ஏழை ஸ்தாபனமென்றால் குறைத்துக்கொள்ளலாம், இனாமாகவும் எழுதலாம். பங்காளியாகக் கூடாது.

காரியதரிசியிடம் இதைத்தான் சொன்னேன். "பணமில்லையென்றால் இனாமாகவே எழுதித் தருகிறேன்" என்றேன். பத்து சதவீதத்தை நம்பியவருக்கு, இனாம் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. யோசித்துச் சொல்வதாகப் போனவர், இன்னும் வரவில்லை.