கைதட்டலும் கூச்சலும்

கலைஞனுக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பற்றி எழுதியோர் பலர். அவனுக்குக் கிடைக்கும் கூச்சலைப் பற்றி எழுதியோர் சிலரே. தனக்குப் பிடிக்காத பாடகனைக் கேட்க எவரும் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. ஆகவே அரங்கினுள் அமர்ந்து கூச்சலிடுகிறவன் பெரும்பாலும் பகைவன் அல்லன். நேற்றுவரை அப்பாடகனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவனே. அத்தகையவன் ஏன் கூவுகிறான்? இக்கேள்வியை இம்மாதம் என்னோடு சற்று எண்ணிப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நமக்கு இக்கேள்வியில் தனியானதொரு பங்கு உண்டு. அது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

ராக் இசையின் வரலாற்றில் இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அவருடைய இரசிகர்கள் அளித்த வரவேற்பே அது.

1941-இல் பிறந்த டிலன், 1961-இல் நியூயார்க் நகரம் வந்து, கையில் ஒரு மரக் கிதாரும் கழுத்தில் மாட்டிய மௌத் ஆர்கனுமாகப் பாடத் தொடங்கினார். அந்நாளில் அமெரிக்க இளைஞரிடையே நாடோடிப் பாடல்கள் பெருமதிப்புப் பெற்றிருந்தன. அப்பாடல்கள் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடும் போர் எதிர்ப்போடும் பிணைந்திருந்தன. 1963 ஆகஸ்ட் 28-ஆம் நாள் வாஷிங்டனில் நடைபெற்ற மாபெரும் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே மேடையில் டிலனும் பாடினார். அவ்வாண்டு கோடையில் நியூபோர்ட் நகரத்து நாடோடிப் பாடல் விழாவிலும் அவரே கண்மணியாக விளங்கினார். அவரைத் தம் தலைமுறையின் மனச்சாட்சியாகவே பல இளைஞர்கள் கருதினர். மரக் கிதார் அவர்களுக்கு எளிமையின் அடையாளம். மின்சார கிதாரோ, கூத்துக்கும் வாணிபத்திற்கும் உரிய கருவி.

இப்பின்னணியை மனத்திற் கொண்டால்தான் 1965 ஜூலை 25-ஆம் நாள் இரவு நியூபோர்ட்டில் நிகழ்ந்தது விளங்கும். அன்று டிலன் மின்சார கிதாரை ஏந்தி மேடைக்கு வந்தார். பின்னால் முரசும் ஆர்கனும் மின்சாரக் கருவிகளும் முழங்கின. அக்குழுவினர் முந்தின நாள் இரவுதான் கூடி ஒத்திகை பார்த்தவர்கள். மூன்று பாடல்கள் பாடினர். உடனே மேடையை விட்டு இறங்கிவிட்டனர். கூட்டத்திலிருந்து ஆரவாரமும் எழுந்தது, இகழொலியும் எழுந்தது.

எதற்காகக் கூவினர் என்பதில் அங்கிருந்தவர்களிடையேயே இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை. மின்சாரக் கருவியே துரோகம் என்று கூவியவர்கள் ஒரு சாரார். ஒலியமைப்புச் சீர்கெட்டிருந்ததால் பாட்டின் சொற்கள் காதில் விழவில்லையே என்று கூவியவர்கள் மற்றொரு சாரார். நெடுந்தொலைவு வந்து காத்திருந்தும் மூன்றே பாட்டா என்று கூவியவர்கள் இன்னொரு சாரார். இவர்களுக்கு நடுவே, இதுவரை கேளாததைக் கேட்டோம் என்று மெய்ம்மறந்து கைதட்டியவர்களும் இருந்தனர். வெளியே நிற்பவன் செவிக்கு இவையெல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே நிற்பவர்களுக்கோ ஒவ்வொரு கூச்சலுக்கும் ஒவ்வொரு பொருள்.

விழாவின் மூத்த இசைவாணரான பீட் சீகர் அன்று கடுஞ்சினம் கொண்டார். கோடரி ஒன்று இருந்தால் ஒலிக்கம்பியை வெட்டிவிடுவேன் என்று அவர் கூறியது பெருங்கதையாகப் பரவிற்று. எனினும் தாம் சினந்தது மின்சார இசைக்காக அன்று என்றும், நல்ல பாட்டின் சொற்கள் கேளாதபடி ஒலி சிதைந்திருந்ததற்காகவே என்றும் அவரே பின்னாளில் விளக்கினார்.

அவ்விரவின் பிற்பகுதி மிகவும் சுவையானது. மீண்டும் அழைக்கப்பட்ட டிலன் மரக் கிதாரோடு தனியே வந்து நின்றார். குறிப்பிட்ட சுருதியில் அமைந்த மௌத் ஆர்கன் ஒன்று தமக்கு வேண்டுமென்றும், வைத்திருப்பவர் எறியலாமென்றும் கூட்டத்தை நோக்கிக் கேட்டார். மேடையின்மேல் மௌத் ஆர்கன்கள் வந்து விழுந்தன! சற்று முன்னர் எந்தக் கூட்டத்திலிருந்து இகழொலி எழுந்ததோ, அதே கூட்டத்திலிருந்துதான் அவையும் வந்தன. வெறுத்தவர்கள் தம் சட்டைப்பையிலுள்ள கருவியை எடுத்துக் கொடுப்பார்களா? அன்புதான் அங்கே முகம் மாறிக் கூச்சலாக வெளிப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, அவ்விரசிகர்கள் காக்க முயன்ற தூய்மையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அன்று டிலனுக்குப் பின்னால் முரசு கொட்டிய சாம் லேயும், தாழ்சுருதிக் கிதார் வாசித்த ஜெரோம் ஆர்னால்டும் சிகாகோ நகரத்துப் புளூஸ் இசையில் பயின்றவர்கள்; ஹௌலின் உல்ஃப் என்னும் பெரும் பாடகரின் குழுவில் இருந்தவர்கள். அந்தச் சிகாகோ இசை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தி வயல்களிலிருந்து வந்தது. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்னாட்டுக் கொடுமைகளை விட்டு, பிழைப்புத் தேடி, பிற பகுதி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியில் பண்ணைக் கூலியாக இருந்தபோது மரக் கிதாரில் பாடியவர், 1943-இல் சிகாகோ சென்றார். அங்குள்ள மதுக்கூடங்களின் சந்தடியில் மரக் கிதார் எடுபடவில்லை. ஆகவே சில ஆண்டுகளுக்குள் மின்சார கிதாருக்கு மாறினார். புகழுக்காக அவர் மாறவில்லை. பாடுவது காதில் விழ வேண்டுமென்பதற்காக மாறினார்.

அவர் 1958-இல் இங்கிலாந்து சென்றார். கிராமத்து உழவர் ஒருவர் மரக் கிதாரோடு வருவார் என்று எதிர்பார்த்திருந்த சில விமரிசகர்கள், அவருடைய மின்சார கிதாரின் பேரொலி கேட்டு முகஞ்சுளித்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் மறுபடியும் அங்கே சென்றார். இம்முறை அவர்கள் மனம் கோணாதிருக்க வேண்டுமென்று மரக் கிதாரை எடுத்துச் சென்றார். அதற்குள் அந்நாட்டு இளைஞர்களின் சுவை மாறிவிட்டது. மின்சார கிதார் எங்கே என்று அவர்கள் கேட்டனராம்! கேட்பவர் விருப்பத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் கலைஞன் எப்போதும் ஒரு காதம் பின்தங்கியே நிற்பான் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இங்கிலாந்து இரசிகர்களின் இம்மனப்பான்மை 1966-இல் டிலனிடம் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டுப் பயணத்தில் அவர் ஒவ்வோர் ஊரிலும் முற்பகுதியில் மரக் கிதாரோடு தனியே பாடுவார். பிற்பகுதியில் ஹாக்ஸ் என்ற குழுவோடு மின்சார இசை. முற்பகுதியில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. பிற்பகுதியில் பாட்டுக்குப் பாட்டு எள்ளல். பாட முடியாதபடி வேண்டுமென்றே மெதுவாகத் தட்டும் கைத்தாளம். எழுந்து வெளியேறுவோர் சிலர். இத்தகைய இகழ்ச்சியைப் பொறாமல், குழுவின் முரசு வாசிப்பாளர் லெவன் ஹெல்ம் 1965-ஆம் ஆண்டின் இறுதியிலேயே விலகிச் சென்றுவிட்டார். கூச்சலிடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி இது. பாடகனுக்குப் பின்னால் நிற்கும் வாத்தியக்காரனுக்கும் காது உண்டு, மனமும் உண்டு.

மே 17-ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கில், இரண்டு பாடல்களுக்கு இடைப்பட்ட நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கூவினார். முப்பது வெள்ளிக் காசுக்குத் தன் குருவைக் காட்டிக் கொடுத்த சீடனின் பெயர் அது. கிறித்தவ நாட்டில் இதனினும் கொடிய வசை இல்லை. இருபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்த டிலன், அதனைத் தாம் நம்பவில்லை என்றும், கூவியவர் பொய்யர் என்றும் ஒலிவாங்கியிலேயே விடையிறுத்தார். பின்பு குழுவினரை நோக்கி உரக்க வாசிக்குமாறு கூறி, அடுத்த பாட்டைத் தொடங்கினார். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு, இலண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற பிழையான பெயரோடு பல்லாண்டுகள் கள்ளத்தனமாக உலவி, 1998-இல் முறையாக வெளியிடப்பட்டது. 2024-இல் வெளிவந்த ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ என்ற திரைப்படத்தில் இக்கூவல் நியூபோர்ட்டில் எழுந்ததாகக் காட்டப்படுகிறது. அது கதைக்காகச் செய்த மாற்றம்.

அந்த மான்செஸ்டர் அரங்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. 1819-இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த திடலில் எழுந்த கட்டடம் அது. 1905 அக்டோபரில் அங்கே நடந்த அரசியல் கூட்டத்தில், பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று இரு பெண்கள் எழுந்து கேட்டனர். வெளியே தள்ளப்பட்டுச் சிறையும் சென்றனர். இன்று அது ஒரு ஹோட்டலாக மாறியுள்ளது. அவையில் எழும் எதிர்க்குரல் எப்பொழுதும் இழிவானது என்று சொல்வதற்கில்லை என்பதை அவ்விடமே நமக்கு நினைவூட்டும். எனினும் அரசாள்வோரை வினவுவது வேறு. பாடகனை வினவுவது வேறு. அரசினர் நம்மிடம் கடன்பட்டவர்கள். பாடகன் அன்றைய மாலைக்கு ஒரு நல்ல கச்சேரியைத்தான் கடன்பட்டிருக்கிறான். நேற்றைய தன்னை நாளையும் அப்படியே வைத்திருப்பதாக அவன் எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

1974-இல் டிலன் அதே இசைவாணர்களோடு மீண்டும் அமெரிக்கா முழுவதும் சுற்றினார். ஹெல்மும் உடன் இருந்தார். அரங்குகள் நிரம்பி வழிந்தன. எள்ளிய இசைக்கே ஆரவாரம் எழுந்தது. 2016-இல் அவருக்கு இலக்கியத்திற்கான நோபெல் பரிசும் கிடைத்தது. ஆதலால் கூவியவர்களெல்லாம் மூடர் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சொற்கள் ஓசையில் அமிழ்ந்துவிடும், போராட்டத்தின் குரல் வாணிபத்தில் கரைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் நேர்மையானது. அவர்கள் தவறியது ஓரிடத்தில்தான். தாம் எந்த நாளில் ஒருவனை விரும்பத் தொடங்கினோமோ, அந்த நாளிலேயே அவன் நின்றுவிட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். டிலன் பள்ளிப் பருவத்தில் தம் ஊர் நண்பர்களோடு ராக் இசை வாசித்தவர். ஆகவே அவர் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. தம் பழைய வீட்டுக்கே ஒரு முறை போய் வந்தார் என்றும் சொல்லலாம்.

இப்பொழுது நம் பங்கிற்கு வருவோம். 2017 ஜூலையில் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏ. ஆர். ரகுமான் நடத்திய ‘நேற்று இன்று நாளை’ நிகழ்ச்சியில், தமிழ்ப் பாடல்கள் மிகுதி என்று கூறி, இந்திப் பாடல்களை நாடி வந்தோர் சிலர் இடையிலேயே எழுந்து சென்றனர். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. அச்செய்தியைப் படித்த தமிழர் பலர் வருந்தினர். வருத்தம் முறையானதே. ஆனால் அதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஊரை விட்டு வந்தவனிடம் ஒரு வழக்கம் உண்டு. தான் புறப்பட்ட நாளில் ஊர் எப்படி இருந்ததோ, அப்படியே அதனை நெஞ்சில் சட்டமிட்டு மாட்டி வைப்பான். ஊரிலே இசையும் பேச்சும் மாறியிருக்கும், அவன் ஒப்பமாட்டான். தன் பிள்ளைகள் இந்நகரத்துத் தெருவோசையைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள், அதையும் ஒப்பமாட்டான். சங்கத்து ஆண்டு விழாவில் இளைஞர் சிலர் மின்சார கிதாரும் டிரம்ஸும் கொண்டு தமிழ்ப் பாட்டை ஒரு புது மெட்டில் பாடினால், முன்வரிசை நாற்காலிகளில் முணுமுணுப்பு எழும். சிற்றுண்டியை நோக்கிச் சிலர் நடப்பர். இன்று கச்சேரி மேடையில் நாம் நம்முடையதென்றே கொண்டாடும் வயலின், மேல்நாட்டிலிருந்து வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கைகளில் நமதானது என்பதை அவ்வேளையில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸைப் போல, அவ்விளைஞரும் தாம் வாழும் ஊரின் இரைச்சலுக்கு நடுவே தம் குரல் கேட்க வேண்டுமென்றே அக்கருவியை எடுத்திருக்கக் கூடும்.

பிடிக்காததையும் பிடித்ததாகப் பாராட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொய்யான கைதட்டலைக் காட்டிலும் மெய்யான குறை நன்று. பாட்டின் சொற்கள் விளங்கவில்லையா? சொல்லுங்கள். தமிழ் உச்சரிப்புத் தேய்ந்துவிட்டதா? கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கடைசிப் பாட்டு வரையில் இருந்து கேட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வரும் பிள்ளையை அருகழைத்துச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அப்பிள்ளை மீண்டும் மேடையேறத் துணிவதும், நம் மொழியில் பாடுவதும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமையலாம். நியூபோர்ட்டில் கூவிய கூட்டம்கூட, அவர் கேட்டதும் மௌத் ஆர்கனை எறியத் தயங்கவில்லை. நம்மிடமும் அந்த அளவு பெருந்தன்மை இருத்தல் வேண்டும்.