கரைக்கும் மருந்து இல்லாத அறையில் ஃபில்லர் ஊசி கூடாது

"கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. இப்ப போட்டுக்கிட்டா சரியா வருமா?" "எத்தனை மாசம் நிக்கும்?" "வலிக்குமா?" "எவ்வளவு ஆகும்?" முகத்தில் ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவைதான். எல்லாம் நியாயமான கேள்விகள். "ஏதாவது தவறிப்போனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்பவர்தான் அரிது. நோயாளிகளின் உரிமைக்காகச் செயல்படும் இந்த அமைப்பின் நிலைப்பாடு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்தும், அதைக் கையாளத் தெரிந்த பதிவுபெற்ற டாக்டரும் அதே அறையில் இல்லையென்றால், அங்கே ஃபில்லர் ஊசி போடக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்றல்ல. போடாக்ஸ் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்புகிறது. போடாக்ஸ் முதலில் அழகுக்காக வந்த மருந்தும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தினார். 1989-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கண் இமைத் துடிப்புக்கு இதே ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுச் சுருக்கம் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் ஜீன் கேருதர்ஸ் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தச் சுருக்கத்துக்கான அமெரிக்க ஒப்புதல் 2002-இல் வந்தது.

பத்து நாள் கேள்விக்கு வருவோம். போடாக்ஸ் மூன்று நான்கு நாளில் வேலையைத் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், மூன்று நான்கு மாதம் நிற்கும். ஊசி போட்ட இடம் கன்றிப்போகலாம். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் மேல் இமை ஒருபக்கம் தொங்கும். அது தானாகச் சரியாகச் சில வாரங்கள் பிடிக்கும். அத்தனை கல்யாணப் படத்திலும் அந்த இமை விழுந்திருக்கும். ஆகவே முதல்முறை போட்டுக்கொள்பவருக்குப் பத்து நாள் போதாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா போன்ற நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் அதை முதல் பேச்சிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போடாக்ஸின் விலையை "எத்தனை மில்லி" என்று கேட்பதில் அர்த்தமில்லை. குப்பியில் வருவது பொடி. உப்புநீர் விட்டுக் கரைத்தால்தான் ஊசிக்கு ஆகும். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி விட்டால் 0.1 மில்லிக்கு 4 யூனிட் கிடைக்கும். இரட்டிப்பு உப்புநீர் விட்டால் அதே 0.1 மில்லியில் 2 யூனிட்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சிரிஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். புருவ நடுவுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமும் அல்ல. குப்பியைக் கண்முன்னே திறக்கச் சொல்வதும், பெட்டியின் பேட்ச் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொள்வதும் நோயாளியின் உரிமை. முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அளவும் மூலமும் தெரியாத மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2004-இல் ஃப்ளோரிடாவில் நடந்ததே சான்று. போடாக்ஸின் மூலமான நச்சை, உரிமம் பெறாத, மிகச் செறிவான ஆய்வக வடிவில் ஊசியாக ஏற்றியதில் நான்கு பேர் உடல் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். ஊசி போட்டவரும் அந்த நால்வரில் ஒருவர். 2024-இலும் போலி போடாக்ஸ் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

ஃபில்லரில் ஆபத்து வேறு வகை. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலக் கூழ். இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். அதைத் தோலடியில் வைக்கும்போது ஊசிமுனை இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் கூழ் அடைப்பாக மாறிவிடும். அந்தப் பகுதி சட்டென்று சுண்ணாம்பு போல வெளுக்கும், பிறகு வலைவலையாக ஊதா படரும். உதட்டை விரலால் அழுத்தி எடுத்தால் ஓரிரு நொடியில் சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்தக் கணமே ஊசியை நிறுத்தி ஹயலூரோனிடேஸ் போட வேண்டும். "வீங்கியிருக்கு, ஐஸ் வையுங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்று அனுப்பிவைக்கும் இடத்தில் அந்த இரவோடு தோல் அழுகத் தொடங்கலாம்.

இதைவிடக் கொடியது பார்வை இழப்பு. மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகியவற்றின் சிறு குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. அழுத்தித் தள்ளிய கூழ் இரத்தம் வரும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி ஏறி, அழுத்தம் விட்டதும் இரத்தத்தோடு முன்னோக்கி ஓடி விழித்திரைக் குழாயை அடைக்கும். நிரப்பு ஊசிகளால் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரின் விவரங்களை உலக மருத்துவ இதழ்களிலிருந்து திரட்டிய ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதிகம் பேருக்கு ஊசி போட்ட இடம் புருவ நடு, அடுத்து மூக்கு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏற்றியது அவரவர் உடலிலிருந்து எடுத்த கொழுப்பு. "நம்ம கொழுப்புதானே, ஒண்ணும் செய்யாது" என்று யாரும் ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். கொழுப்பை ஹயலூரோனிடேஸ் கரைக்காது, சிலிக்கோனையும் கரைக்காது. இது மிக அரிதாக நேர்வது என்பதையும் இந்த அமைப்பு மறைக்கவில்லை. ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்த வாக்கியத்தை நோயாளி தன் மொழியில் கேட்ட பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத்தை ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்னால் நீட்டிப் பெறும் கையெழுத்தை இந்த அமைப்பு ஒப்புதலாக ஏற்கவில்லை.

யார் போடலாம்? டாக்டர்தான், அதிலும் இதற்கென்று முறையாகப் பயிற்சி பெற்றவர். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் முடி மாற்று சிகிச்சைக்கு வகுத்த வழிகாட்டுதலிலேயே, பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் அழகியல் சிகிச்சை தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று எழுதியிருக்கிறது. பார்லரில் புருவம் திருத்துபவரின் கைத்திறமையை யாரும் குறைசொல்லவில்லை. ஆனால் நூலும் ஊசியும் ஒன்றல்ல.

வயதைப் பற்றியும் இந்த அமைப்பு உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அழகுக்காகப் போடாக்ஸோ ஃபில்லரோ போடுவதை 2021 அக்டோபர் முதல் சட்டம் தடுக்கிறது. இந்தியாவிலும் அப்படி ஒரு வெளிப்படையான தடை வேண்டும். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று பள்ளி மாணவி அழுதால், போன் மிக அருகில் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்பதை எடுத்துச்சொல்ல வேண்டும். இல்லாத குறையை நாளெல்லாம் கண்ணாடியில் தேடுபவருக்குத் தேவை மனநல மருத்துவர். அறுவை சிகிச்சை அவருக்கு நிம்மதி தருவது அரிது.

மூக்கு, இமை, தாடை, முகத் தோல் இறுக்கம் போன்ற அறுவை சிகிச்சைகளுக்குத் தனி அறிக்கையே எழுதலாம். இங்கே இரண்டு செய்திகள் மட்டும். மூக்கு அறுவையின் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் வரை ஆகும். மூன்றாம் மாதமே "சரியாக வரவில்லை" என்று அடுத்த டாக்டரிடம் ஓடக் கூடாது. புகைப்பவர் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இழுத்துத் தைத்த தோல் இரத்தம் கிடைக்காமல் கருகலாம்.

கத்தியைப் பிடிப்பவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தென்கொரியாவில் 2016-இல் தாடை அறுவைக்குப் போன கல்லூரி மாணவர் ஒருவர் அதிக இரத்த இழப்பால் நினைவிழந்து, சில வாரங்களில் இறந்தார். அறுவை செய்வதாகப் பேசிய டாக்டர் பாதியில் வேறு அறைக்குப் போனது சிசிடிவி பதிவில் இருந்தது. அவருடைய தாய் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து நிமிடம் நிமிடமாக எழுதிவைத்தார், ஆண்டுக்கணக்கில் போராடினார். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை அறைகளில் கேமரா பொருத்த வேண்டும் என்ற சட்டம் அங்கே 2021-இல் நிறைவேறி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் அழகு அறுவைக்கு ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சரிசெய்வதற்கு இல்லை. மருத்துவக் காப்பீடும் பொதுவாக அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. அதன் பின்விளைவுக்கான செலவும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும் என்பதால், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

அழகாக இருக்க ஆசைப்படுவதை இந்த அமைப்பு ஒருபோதும் குறைவாகப் பார்க்காது. ஊசி போட்டுக்கொண்டதால் ஏதேனும் பாதிப்பு வந்தால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் அடைந்துகொள்ளத் தேவையில்லை. தோல் வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ, கடும் தலைவலி வந்தாலோ நேரே கண் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். எந்த மருந்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்ல வேண்டும். பேட்ச் எண்ணின் படம் அப்போது உதவும். மருந்தின் பக்கவிளைவை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணான 1800-180-3024-இல் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்.