பள்ளிக்கு இணையதளம்: பட்டா யார் பெயரில்?

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி போனில் கேட்டார்: "அக்கா, எங்க சேரியில நடத்துற மாலை நேர மையத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல பாடம் போடப் போறோம். கம்மி விலையில எந்த ஹோஸ்டிங் வாங்கலாம்?"

"யார் பேர்ல வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு சார் அவர் கார்டுல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் வேலை செய்த மையத்துக்கும் ஒரு நன்கொடையாளர் தன் பெயரில் டொமைனும் சர்வர் இடமும் வாங்கித் தந்தார். நல்ல மனிதர்தான். 2 ஆண்டுகளில் அவருக்கு வேலை மாறியது, மின்னஞ்சலும் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் தளம் இல்லை. பிள்ளைகள் தங்கள் குரலிலேயே பதிவு செய்த அறிவியல் பாடங்கள் அத்தனையும் போயின. எங்களிடம் பேக்கப் இல்லை. நிறுவனத்திடம் போய்க் கேட்கவும் வழியில்லை. கணக்கு எங்கள் பெயரில் இல்லையே.

தோழர்களே, இது நமக்குப் புதிய கதையா? ட்ரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு, 1892இல் தொடங்கி நம் மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியிருந்தும் அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? உழைப்பு நம்முடையது, ஆவணம் வேறொருவரிடம் என்றால் என்ன நடக்கும் என்று நம் பாட்டன்களுக்குத் தெரியும். இணையத்தில் டொமைன்தான் பட்டா. கடவுச்சொல்தான் சாவி.

ஆகவே மையத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அந்த முகவரியில், மையத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். அதில் ஒருவர் ஊரிலேயே இருப்பவர், முடிந்தால் பெண். மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் ஹார்டு டிஸ்கில் இறக்கி வையுங்கள். பணம் யார் வேண்டுமானாலும் தரட்டும்.

அடுத்தது, எந்த ஹோஸ்டிங்? குறிப்பு, படம், பிடிஎஃப் மட்டும் போதும் என்றால் சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கங்களை கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே வைக்கலாம். தேர்வு, மதிப்பெண் எல்லாம் வேண்டுமென்றால் மூடுல் இருக்கிறது. 2002 முதல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லை. சிறிய மையத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் தாங்கும். நிறையப் பேர் ஒரே நேரத்தில் தேர்வு எழுதினால் திணறும். அப்போது விபிஎஸ் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வீடியோவை அதே சர்வரில் ஏற்றாதீர்கள். விளம்பரத்தில் காட்டும் விலை பெரும்பாலும் முதல் முறைக்கு மட்டுமே; புதுப்பிக்கும் விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், கணினி இருந்த கிராமப்புற வீடுகள் 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. அதன் பிறகு ஸ்மார்ட்போன் பரவியது உண்மை. ஆனால் அந்தப் போன் காலையில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. மையத்தின் அறையிலேயே ஒரு ராஸ்பெரி பையில் கோலிப்ரி மென்பொருளைப் போட்டு வைத்தால், இணையமே இல்லாமல் வைஃபை வழியாகப் பிள்ளைகள் பாடம் பார்க்கலாம். உங்கள் மையத்துக்கு ஹோஸ்டிங்கைவிட இதுவே பொருத்தமாக இருக்கலாம்.

கடைசியாக, பதிவுப் படிவம். பள்ளிப் படிவத்தைப் பார்த்து அப்படியே சாதிக் கட்டத்தையும் போட்டுவிடாதீர்கள். கணக்குப் பாடம் படிக்க அது எதற்கு? அந்தப் பட்டியல் ஒருநாள் வெளியே கசிந்தால், விடுதியிலும் வேலையிலும் அதைச் சுமக்கப் போவது பிள்ளைகள்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பெயரும் வகுப்பும் போதும்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, மையத்து பேர்ல மெயில் ஐடி போட்டாச்சு. சார் பணம் மட்டும் தர்றேன்னுட்டார்."

நல்ல தொடக்கம். நீங்கள் நடத்தும் தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.