எட்டாவது சர்வர் என்ன ஓட்டுகிறது?

லோடு பேலன்சர் சில நொடிக்கொரு முறை தட்டிப் பார்க்கிறது. 200 என்று பதில் வந்தால் டாஷ்போர்டில் பச்சை. ப்ரொடக்ஷனில் இருக்கும் இன்ஸ்டன்ஸ்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிவது அவ்வளவுதான். எந்த இன்ஸ்டன்ஸில் எந்த நிரல் ஓடுகிறது என்று கேட்டால், டெப்லாய் செய்த பைப்லைனின் லாகைத்தான் தேடிப் போகிறோம். அந்த லாக் சொல்வது, நாம் எதை அனுப்பினோம் என்பதை. அங்கே எது ஓடுகிறது என்பது இன்ஸ்டன்ஸுக்கு மட்டுமே தெரியும்.

இந்த இடைவெளிக்கு நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் கொடுத்த விலை நம் துறையில் பலருக்கும் தெரியும். ஆனாலும் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அதுபற்றி 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவை ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக, தன் ஆர்டர் ரூட்டரில் புதிய நிரலை ஜூலை 27 முதல் படிப்படியாக ஏற்றியது அந்நிறுவனம். அது இணையச் செயலி இல்லைதான். ஆனால் வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி சர்வர்கள் என்ற அமைப்பு நமக்குப் பழகியதே. மொத்தம் எட்டு. ஏழில் ஏற்றினார்கள், ஒன்றில் விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் இல்லை.

பழைய நிரல் பழையபடியே ஓடியிருந்தால் பெரிய சேதமில்லை. ஆனால் புதிய நிரல் ஒரு பழைய ஃப்ளாகை மறுபடி எடுத்துக்கொண்டது. 2003-லேயே கைவிட்டும் அழிக்காமல் விட்டிருந்த ‘பவர் பெக்’ என்ற பகுதியை இயக்கிய ஃப்ளாக் அது. ஆர்டர் நிறைவேறியதும் நிறுத்தச் சொல்லும் கணக்கை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே அந்த ஃப்ளாகோடு ஆர்டர்கள் வந்ததும் பவர் பெக்கை ஓட்டத் தொடங்கிய எட்டாவது சர்வருக்கு நிறுத்தத் தெரியவில்லை. 212 சிறு ஆர்டர்களுக்கு 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

காலை 8:01 மணி முதலே ‘பவர் பெக்’ பெயரைச் சொல்லி எச்சரித்த தானியங்கி மெயில்கள் வந்தபடி இருந்தன. 9:30-க்குச் சந்தை திறக்கும் முன் 97 மெயில்கள். அவற்றை அலர்ட்டாக யாரும் வடிவமைக்கவில்லை, வந்ததும் பார்க்கும் வழக்கமும் இல்லை. (ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்ட மெயில்கள் நம் ஒவ்வொருவரிடமும் எத்தனை ஆயிரம்!) அடுத்து நடந்ததுதான் கொடுமை. கோளாறு புதிய நிரலில்தான் என்று நினைத்து, சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழும் எட்டாவதைப் போலவே பவர் பெக்கை ஓட்டத் தொடங்கின. ரோல்பேக் பட்டனை அவசரத்தில் அழுத்தும் யாருக்கும் இது நேரலாம். எந்தச் சர்வரில் எது ஓடுகிறது என்று ஒரே திரையில் தெரிந்திருந்தால், நிறுத்த வேண்டியது ஒரு சர்வரைத்தான் என்பதும் தெரிந்திருக்கும்.

கண்டெய்னர் காலத்தில் இதெல்லாம் நடக்காது என்பார்கள். குபெர்னெட்டீஸில் ஒரே டேகின்மீது புது இமேஜை மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஏற்கெனவே இமேஜ் இருந்தால் இறக்காதே என்ற அமைப்பில், பழைய நோடு தன்னிடம் உள்ள பழைய இமேஜையே ஓட்டும். புதிய நோடு புதியதை இறக்கும். டேக் இரண்டிலும் ஒன்றே, பச்சையும் ஒன்றே.

எனவே ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தன் கமிட், இமேஜ் டைஜஸ்ட், கான்ஃபிக் ஹாஷ், ஃப்ளாக்குகளின் நிலை ஆகியவற்றைத் தானே சொல்ல வேண்டும். அதை, இருக்க வேண்டிய நிலையோடு ஒரு கருவி ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரோலிங் டெப்லாயின்போது இரண்டு வெர்ஷன் சேர்ந்து ஓடுவது இயல்பு. அதற்கு ஒரு கால வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டியும் பொருந்தாவிட்டால் பணியில் இருப்பவரின் ஃபோன் அடிக்கட்டும், மெயில் போதாது.

ஆனால் இந்த விவரம் தரும் வாசலை (எண்ட்பாயின்ட்) பொது இணையத்தில் திறந்துவைக்கக் கூடாது. உதாரணமாக, இத்தகைய வாசல்களைத் தரும் ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரின் ஹீப் டம்ப் வெளியே தெரிந்தால், நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொற்களும் டோக்கன்களும் சேர்ந்தே போகும். 2018-ல் வந்த 2.0 பதிப்பு, ஹெல்த், இன்ஃபோ இரண்டை மட்டுமே இயல்பாக வெப்பில் திறந்தது. அவசரத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிட்ட கான்ஃபிக் ஃபைல் உங்கள் ரெப்போவில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.